ஒரே கணினியில் இரண்டு ஓப்பன்எஸ்எஸ்எல்: டெபியன் சமாளித்தது எப்படி?

லினக்ஸ் கணினியில் பெரும்பாலான மென்பொருள்கள் தமக்கு வேண்டிய அனைத்தையும் தாமே சுமந்துகொண்டு வருவதில்லை. தகவலை மறையாக்கம் செய்யும் வேலையை ஏராளமான மென்பொருள்கள் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்ற லைப்ரரியிடமே விட்டிருக்கின்றன. அதில் ஓட்டை விழுந்தால் ஓரிடத்தில் அடைத்தால் போதும். எல்லாவற்றுக்கும் பலன் கிடைத்துவிடும். அந்த லைப்ரரியே முந்தைய பதிப்போடு ஒத்துப்போகாமல் வந்தால்தான் சிக்கல். 2016 ஆகஸ்டில் வெளியான 1.1.0 பதிப்பு அப்படி வந்தது.

மாறியது என்ன?

அதுவரை எந்த மென்பொருளும் மறையாக்கத்துக்கான ஓர் ஆர்எஸ்ஏ சாவியின் உள்ளே நேரடியாகக் கைவிட்டு அதன் எண்களை எடுத்துக்கொள்ளலாம். 1.1.0 அதைத் தடுத்தது. இனி அதற்கென்று உள்ள ஃபங்ஷனை அழைத்துத்தான் பெற வேண்டும். உள்ளமைப்பு வெளியே தெரியாவிட்டால், நாளை அதை மாற்றினாலும் யாருக்கும் பாதிப்பில்லை என்பது இதன் நன்மை. ஆனால், பழைய பழக்கத்தில் எழுதப்பட்ட நிரல்கள் கம்பைல் ஆகாமல் நின்றன.

டெபியன் எடுத்த வழி

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் லைப்ரரி பேக்கேஜின் பெயரிலேயே பதிப்பு எண்ணும் உண்டு. ஆகவே ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜ்களான லிப்எஸ்எஸ்எல் 1.0.2, லிப்எஸ்எஸ்எல் 1.1 இரண்டையும் ஒரே கணினியில் நிறுவலாம். ஒன்றின் கோப்பை இன்னொன்று அழிக்காது. நிரலைக் கம்பைல் செய்யத் தேவையான ‘டெவ்’ பேக்கேஜ்களில் மட்டும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வைத்திருக்க முடியும். தன் மென்பொருளுக்கு எது பொருந்தும் என்பதை அதன் பராமரிப்பாளர் முடிவு செய்தார். புதியதோடு கம்பைல் ஆகாதவற்றுக்கு வழு அறிக்கைகள் பதிவாயின, பேட்சுகள் எழுதப்பட்டன.

2017 ஜூனில் வந்த டெபியன் 9 இரண்டு பதிப்புகளோடும் வெளியானது. தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் அதில் பழைய பதிப்பிலேயே ஓடியது. அதை உருவாக்குபவர்கள் 1.1-க்கு ஆதரவு சேர்த்தது 2018 அக்டோபரில் வந்த 7.9 வெளியீட்டில்தான்.

இரட்டைக்கு விலை உண்டு

இரண்டு பதிப்புகள் இருந்தால் பாதுகாப்புத் திருத்தமும் இரண்டு மடங்கு வேலை. அதைவிட ஆபத்து, ஒரே மென்பொருள் இரண்டையும் மறைமுகமாக ஏற்றிக்கொள்வது. ஒன்று உருவாக்கிய தரவை மற்றதிடம் கொடுத்தால் மென்பொருள் விழுந்துவிடக்கூடும். இந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 2019 ஜூலையில் வெளிவந்த டெபியன் 10-இல் 1.0.2 இல்லை, அந்த ஆண்டின் இறுதியில் ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவும் அதற்கான பொது ஆதரவை நிறுத்தியது. பழையதை வைத்திருப்பதானால் அதற்கு ஒரு கெடுவும் வேண்டும் என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

பழைய மென்பொருள் ஒன்றை இயக்கும்போது ‘லைப்ரரி கிடைக்கவில்லை’ என்ற பிழைச்செய்தி வந்தால், புதிய கோப்புக்குப் பழைய பெயரில் லிங்க் போட்டு ஒப்பேற்றாதீர்கள். அந்த மென்பொருளின் புதிய வெளியீட்டைத் தேடுங்கள்; இல்லையென்றால் புதிய லைப்ரரியோடு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.