களப்பயிற்சிக்குச் செல்லும் பிள்ளையை ஆயத்தப்படுத்துவோம்

பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால் போதும், இனிப் படிப்பை அவனே பார்த்துக்கொள்வான் என்று நாம் ஆறுதலடைகிறோம். ஆனால் விஞ்ஞான பீட மாணவர்களுக்கு விடுமுறைக் காலத்தில் காட்டிலும் மலையிலும் களப்பயிற்சி உண்டு. அதற்குப் பிள்ளையோடு பெற்றோரும் ஆயத்தமாக வேண்டும். நான் தவறியதனால் என் மகன் பட்ட சிரமத்தையே இங்கு எழுதுகிறேன்.

தாவரவியல் கற்கும் அவன், சிங்கராஜ வனத்தில் ஆறு நாள் பயிற்சிக்குத் தெரிவானான். 1970களில் பலகைத் தொழிற்சாலைக்காக மரம் வெட்டப்பட்டு, பொதுமக்களின் எதிர்ப்பினால் 1977 இல் காப்பாற்றப்பட்ட காடு அது. 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்குள்ள மர இனங்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவை நம் நாட்டுக்கே உரியவை. வேறெங்கும் கற்க முடியாத பாடம் என்பதால் மகனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

பெற்றோர் ஒப்பமிட ஒரு படிவம் வந்தது. ‘நோய் ஏதும் உண்டா?’ என்று அதில் ஒரு கேள்வி. மகனுக்குச் சிறு வயதிலிருந்தே தொய்வு நோய். உள்ளதை எழுதினால் அழைத்துச் செல்ல மாட்டார்களோ என்று அஞ்சினேன். ‘இல்லை’ என்று எழுதி ஒப்பமிட்டேன். அமானிதத்தைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் கை அது.

இரண்டாம் நாள் மழையில் நனைந்தபடி ஏற்றத்தில் நடந்தபோது அவனுக்கு மூச்சு முட்டியது. இன்ஹேலரோ தங்குமிடத்துப் பையில் கிடந்தது. தோழர்கள் அவனைத் தாங்கிக் கீழே கொண்டுவந்து வைத்தியசாலையில் சேர்த்தார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் முழுக் குழுவுக்கும் ஒரு நாள் வேலை வீணாயிற்று. “முன்பே சொல்லியிருந்தால் உன்னை ஏற்றத்துக்கு அனுப்பியிருக்க மாட்டோமே, தம்பி” என்றாராம் விரிவுரையாளர். மகன் அதை என்னிடம் சொன்னபோது என்னால் தலை நிமிர முடியவில்லை.

அடுத்த விடுமுறையில் மீண்டும் பயிற்சி வந்தது. இம்முறை படிவத்தில் உண்மையை எழுதினேன். மகனை வைத்தியரிடம் காட்டி ஆலோசனை பெற்றோம். ஒரு இன்ஹேலர் அவனது சட்டைப் பையில், மற்றொன்று விரிவுரையாளரிடம் என்று முடிவாயிற்று.

புதுச் சப்பாத்தோடு காட்டுக்குப் போனால் முதல் நாளே கால் கொப்புளிக்கும். ஆகவே மூன்று வாரங்களுக்கு முன்பே வாங்கி, தினமும் சுபஹுக்குப் பின் அதை அணிந்து நடக்கச் சொன்னேன். நானும் கூடவே நடந்தேன்.

சிங்கராஜவில் ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்யும். மாற்றுடை, கொப்பி எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்ட வேண்டும். மழையில் பேனா மை கரைந்துவிடும். பென்சிலால் எழுதுவதே நல்லது. அட்டைக்குப் பயப்படத் தேவையில்லை. அதற்கென நெருக்கமாக நெய்த நீண்ட காலுறை உண்டு. கடித்தால் பிடித்து இழுக்காமல், அதன் வாயோரத்தை நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறைய விடாது. எனவே கசிவு சற்று நேரம் நிற்காது; கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

வேலையையும் வீட்டில் பழகலாம். மரத்தின் சுற்றளவை நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அளப்பது வழக்கம். எங்கள் வளவிலிருந்த பலா மரத்தில் உம்மா நாடாவைப் பிடிக்க, மகன் அளந்து எழுதினான்.

தொழுகை பற்றியும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. பயணத்தில் சுருக்கித் தொழலாம். எனினும் ஷாபிஈ மத்ஹபின்படி, போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்க எண்ணினால், அங்கு முழுமையாகவே தொழ வேண்டும். ஆறு நாள் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இம்முறை மகன் ஆறு நாட்களும் காட்டில் நின்று, கொப்பி நிறையக் குறிப்புகளோடு திரும்பினான்.

பெற்றோர்களே! சப்பாத்தும் பையும் கடையில் கிடைக்கும். படிவத்தில் எழுத வேண்டிய உண்மையோ நம் கையில்தான் இருக்கிறது. அதை மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் உதவியல்ல. உள்ளதைச் சொல்லி, துஆச் செய்து, தைரியமாக அனுப்பிவையுங்கள்.