கடலோரம் ஒரு நடமாடும் இல்லறம்

வீட்டைப் பூட்டிவிட்டுப் பயணம் போவது மனிதர் வழக்கம். வீட்டையே சுமந்துகொண்டு போவது நத்தைக்கும் ஆமைக்கும் உரிய வழக்கம். சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் நானும் என் மனைவியும் மூன்று வாரம் நத்தைகளாக வாழ்ந்தோம். கனடா தேசத்தின் அத்திலாந்திக் கரையோரமே நாங்கள் ஊர்ந்து திரிந்த நிலம்.

எங்கள் நத்தை ஓட்டுக்குக் ‘கம்பர் வான்’ என்று பெயர். நம் கவிச்சக்கரவர்த்திக்கும் அதற்கும் யாதோர் உறவும் இல்லை. கூடாரமடித்துத் தங்குவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என் நாவில் அவ்வாறு உருக்கொண்டது. பகலில் வாங்காகவும் இரவில் கட்டிலாகவும் மாறும் பலகை, இரண்டு வாயுள்ள எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கைகழுவும் தட்டம், அலுமாரி ஒன்று. இவ்வளவும் ஒரு சிறிய லொறியளவு இடத்துக்குள் அடக்கம். ஒருவர் எழுந்து நின்றால் மற்றவர் இருந்தே ஆகவேண்டும். இல்லறத்துக்கு இதைவிடச் சிறந்த பயிற்சிக்கூடம் வேறில்லை என்பதைப் போகப் போக அறிந்தோம்.

வண்டி வந்த வரலாறு

வண்டி எம்முடையதன்று; என் மனைவியின் அம்மானுடையது. ரொறன்ரோ நகரிலே முப்பது ஆண்டுக்கு மேல் தொழிற்சாலையில் உழைத்தவர் அவர். ஓய்வு பெற்றதும் மாமியுடன் கிழக்குக் கரைக்குப் போகவேண்டுமென்று பழைய வண்டியொன்றை வாங்கி, உள்ளே தட்டும் பெட்டியும் தம் கையாலேயே அடித்துச் சீர்செய்தார். ஓய்வு பெற்ற ஆண்டின் பனிக்காலத்திலேயே மாரடைப்பால் காலமாகிவிட்டார். அதன் பின் வண்டி இரண்டு கோடை முற்றத்திலேயே நின்றது.

கிழக்குக் கரைமேல் அவருக்கு ஏன் அத்தனை நாட்டம்? 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள், நியூபவுண்ட்லாந்துத் தீவின் தென்முனைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழரை அவ்வூர் மீனவர் கண்டு காப்பாற்றினர். மேற்கு ஜேர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களைக் கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அப்படகுகளுள் ஒன்றில் இருந்தவர் அம்மான். அப்போது அவருக்கு வயது 24. மூடுபனியும் குளிருமன்றி அவ்விடத்தைப்பற்றி அவர் வேறொன்றும் அறியார். “அந்த இடத்தை ஒருக்கால் வெளிச்சத்திலை பாக்கவேணும்” என்பதே அவருடைய ஆசை.

சாவியை எங்களிடம் நீட்டிய மாமி, “எனக்கு இனி அவ்வளவு தூரம் ஏலாது பிள்ளை. நீங்கள் ரண்டு பேரும் போய்ப் பாத்துவந்து சொல்லுங்கோ” என்றார்.

ஏறும் கடல், இறங்கும் கடல்

ரொறன்ரோவிலிருந்து கடற்காற்றை நுகர 1,500 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். அங்கே வாகனங்கள் வீதியின் வலப்பக்கம் செல்வன. சாரதி ஆசனமோ இடப்பக்கம். ஊரிலே நான் அமர்ந்து ஓட்டும் பக்கத்தில் இங்கே என் மனைவி வரைபடத்துடன் அமர்ந்திருந்தாள். வழி காட்டும் உரிமையும் அவளுக்கே போயிற்று.

முதலிற் கண்டது நியூ பிரன்சுவிக் மாகாணத்தை அணைந்து கிடக்கும் ஃபண்டி விரிகுடா. உலகிலே மிக உயர்ந்த கடல் ஏற்றவற்றம் இங்குதான் நிகழ்கிறது. நம் நாட்டுக் கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட உயரம் ஒரு மீற்றரையும் எட்டாது. இவ்விரிகுடாவின் உட்கோடியிலோ அது 16 மீற்றர் வரை செல்லும். காரணம் எளிது. ஊஞ்சலை அது வந்து திரும்பும் தறுவாயில் தள்ளினால் சிறு தள்ளலும் பெரும் வீச்சாகிறதல்லவா? இவ்விரிகுடாவின் நீர் ஒருமுறை உள்ளே சென்று மீள எடுக்கும் நேரமும், அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஏற்றவற்றம் ஒருமுறை நிகழும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. புனல்போல ஒடுங்கிச் செல்லும் கரைகளும் நீரை மேலே நெருக்குகின்றன.

ஹோப்வெல் பாறைகள் என்னுமிடத்தில், தலையில் மரம் முளைத்த செந்நிறப் பாறைத் தூண்களின் அடியிலே கடற்றரையில் நடந்தோம். ஆறு மணி நேரத்தின் பின், நாங்கள் நடந்த இடத்துக்கு மேலே சிறு தோணிகள் போயின. “காலையிலை நாங்கள் நிண்ட இடமே இது?” என்று மனைவி மும்முறை கேட்டாள்.

செம்மண் தீவு

அப்பாலுள்ளது பிரின்ஸ் எட்வேட் தீவு. 1997இல் திறக்கப்பட்ட 12.9 கிலோமீற்றர் நீளமான பாலம் அதனைப் பெருநிலத்தோடு பிணைக்கிறது. இரும்பின் கறை ஏறிய செம்மண்ணும் அதிலே அணி அணியாக உருளைக்கிழங்குத் தோட்டங்களும். கோப்பாய்த் தோட்டக்காரர் ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டால், கிணறு எங்கே என்றுதான் கேட்பார். அன்றிரவு தோட்டக்காரர் தெருவோரம் வைத்து விற்ற கிழங்கை வாங்கி, ஊரிலிருந்து கொண்டுசென்ற மிளகாய்த்தூளிட்டுக் கறி சமைத்தோம். கடற்கரையில், வண்டியின் கதவைத் திறந்துவைத்து உண்ட அவ்வுணவை எந்த விருந்துக்கும் ஈடாகக் கொள்ளேன்.

நெய்தல் நிலம்

அடுத்தது நோவா ஸ்கோஷியா. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று ஆண்டுதோறும் மாணவருக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். அதன் பொருளை லூனன்பேர்க் என்னும் பழைய மீன்பிடித் துறையிலேதான் கண்டேன். 1753இல் அமைந்து, 1995இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த நகரம் அது. துறைமுகத்தருகே, திசைகாட்டி வடிவில் நிறுத்திய கருங்கற்றூண்களில் கடலுக்குப் போய் மீளாதவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. கண்டு கரையிலே நின்று இரங்கியவர் எத்தனை பெண்களோ!

ஹலிபக்ஸ் நகரில் 21ஆம் இறங்குதுறையையும் பார்த்தோம். 1928 முதல் 1971 வரை ஏறக்குறையப் பத்து இலட்சம் குடியேறிகள் அவ்வாயிலால் கனடாவுக்குள் வந்தனர். இப்போது அது குடிவரவு நூதனசாலை. “அம்மானுக்கு இப்பிடி ஒரு வாசல் இருக்கேல்லை” என்றாள் மனைவி.

ஒரு பிணக்கு

மலையும் கடலும் கைகோத்து நிற்கும் கேப் பிரெற்றனைச் சுற்றி, வட சிட்னித் துறைமுகத்தை அடைந்தபோது எங்களுக்குள் பிணக்கு மூண்டது. அங்கிருந்து நியூபவுண்ட்லாந்தின் ஆர்ஜென்ரியாத் துறைக்குக் கப்பலில் ஏறக்குறைய 16 மணி நேரம். வண்டிக்கும் சேர்த்துக் கட்டணம் செலுத்தவேண்டும். கையிருப்பையும் மிகுதி நாள்களையும் எண்ணிப் பார்த்த நான், திரும்பிவிடலாம் என்றேன். அவ்விடத்தின் படங்களை மாமிக்குக் காட்டினாற் போதாதா என்றும் சொல்லிவிட்டேன்.

வீட்டிலே பிணக்கு வந்தால் அவள் அடுக்களைக்கும் நான் விறாந்தைக்கும் போய்விடுவோம். நத்தை ஓட்டுக்குள் விறாந்தை ஏது? இரண்டு முழ இடைவெளியில், முகத்தோடு முகம் பார்த்து, ஒரு மணி நேரம் பேசாதிருந்தோம். பின் அவள் மெல்லச் சொன்னாள்: “இஞ்சாருங்கோ, நீங்கள் ஊர் பாக்க வந்தனீங்கள். நான் அதுக்கு வரேல்லை. நான் படிச்ச படிப்பு அம்மான் அனுப்பின காசு. அவர் கேட்டது இது ஒண்டுதான்.”

இருபது ஆண்டு உடன்வாழ்ந்தும் அவள் உள்ளத்தில் அப்படியொரு கடன் கிடந்ததை நான் அறிந்திருக்கவில்லை. அறைகள் பலவுள்ள வீட்டிலே அச்சொல் வெளிவந்திருக்கவும் மாட்டாது. எழுந்துபோய்ப் பயணச்சீட்டு வாங்கினேன்.

மூடுபனிக் கரை

பிள்ளைகளோடு பேசுவதற்காக என் கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே விட்டிருந்தேன். ரொறன்ரோவிலும் நோவா ஸ்கோஷியாவிலும் அதற்கும் உள்ளூர் மணிக்கூட்டுக்கும் அரைமணிப் பிணக்கு இருந்துகொண்டே வந்தது. நியூபவுண்ட்லாந்தில் இறங்கியதும் நிமிடமுள் ஒத்துவிட்டது. அத்தீவும் நம் நாட்டைப்போல அரைமணிக் கணக்கில் நேரம் வைத்திருப்பது. கோடையில் வித்தியாசம் சரியாக எட்டு மணி. கனடாவின் அக்கோடியில் நின்று பார்த்தபோது கடிகாரம் ஊரைக் காட்டியது.

வடக்கிலிருந்து வரும் லாப்ரடோர்க் குளிர்நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வெப்பநீரோட்டமும் அக்கடலில் சந்திக்கின்றன. வெப்பக் காற்றின் ஈரம் குளிர்நீரின் மேல் உறைந்தாற்போல மூடுபனியாகிறது. ஆர்ஜென்ரியாவில் ஆண்டில் 200 நாளுக்கு மேல் மூடுபனி உண்டு. வீதியிலே மூஸ் என்னும் பெருமான் குறுக்கிடும் என்ற அச்சத்தால் மாலைக்கு முன்பே வண்டியை நிறுத்தி, மறுநாள் சென் ஷொட்ஸ் என்னும் சிற்றூரை அடைந்தோம். நூறு பேருக்கும் குறைந்தோர் வாழும் ஊர். மரமில்லாத புல்வெளி, அதன் முடிவிலே செங்குத்தான கரை.

அன்று அப்படகுகளை மீட்ட மீனவர் கஸ் டால்டன், தம் மீன்பிடிப் படகோடு அயற்படகுகளையும் அழைத்து அத்தனை பேரையும் ஏற்றினார். சென் ஜோன்ஸ் நகரத்துப் பல்கலைக்கழக விடுதியில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஆறு ஆண்டுகளின் பின், 1992 யூலை 2ஆம் நாள், மீன்வளம் குன்றியதால் வடபகுதிக் கொட் மீன்பிடியைக் கனேடிய அரசு நிறுத்தியது; ஏறக்குறைய 30,000 பேர் தொழிலிழந்தனர். 2024இலேதான் அத்தடை நீங்கியது. மீனவர் கடலில் நின்ற காலத்திலே அம்மான் வந்தது எங்கள் நற்பேறு.

எதிர்ப்பட்ட முதியவர் ஒருவர் எங்கள் ஊரைக் கேட்டார். சொன்னோம். மேலே ஒன்றும் கேளாமல், மூடுபனிக்குள் கையை நீட்டிக் கடற்றிசையைக் காட்டினார். கடல் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. வெளிச்சம் வரும் வருமென்று அன்று முழுவதும் காத்திருந்தோம். வரவில்லை.

மாலையில் மனைவி மாமியுடன் தொலைபேசியிற் பேசினாள். குரல் தழுதழுத்தது. “மாமி, இவ்வளவு தூரம் வந்தும் ஒண்டும் தெரியேல்லை. ஒரே புகார்.”

மறுமுனையில் சற்றுநேரம் மௌனம். பின் மாமி சொன்னார்: “அவர் கண்டதும் அதுதானே பிள்ளை. நீங்கள் சரியாத்தான் பாத்திருக்கிறியள்.”

அன்பர்களே, ஓய்வு பெற்றபின், பிள்ளைகள் வளர்ந்தபின் என்று கணவனும் மனைவியுமாக நாம் ஒத்திவைக்கும் பயணங்கள் பல. அத்திலாந்திக் கரைதான் வேண்டுமென்பதில்லை. பருத்தித்துறைக் கரையும் போதும். இருவரும் இருக்கும்போதே போய்வாருங்கள். வண்டி சிறிதாயிருந்தால் மிக நன்று.