பைபர் படகுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

உத்திரமேரூருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மாவட்டமே கிடக்கிறது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் கரை முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. உத்திரமேரூர் இருக்கும் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆனாலும் உறவுகள் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. சதுரங்கப்பட்டினத்திலோ கொக்கிலமேட்டிலோ மீன் தொழில் பார்த்த பெரியப்பாவோ மாமனாரோ காலமாகி, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்ட வீட்டில், பைபர் படகு பங்குப் பொருளாகிவிடும். அப்படி ஒன்று லாரியில் ஏறி உள்ளூருக்கு வந்து, வேப்பமர நிழலில் இறக்கப்பட்டால், பலரும் முதலில் செய்வது பெயின்ட் கடைக்குப் போவதுதான். பெயின்ட் கடைசி வேலை. அதற்கு முன் அந்தப் படகின் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் கட்டுமரம்தான் வாகனம். அலை உடைகிற மணற்கரையில் ஏற்றி இறக்க அதற்கு நிகரில்லை. 1979-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கி, அலையைத் தாண்டிக் கரையேறக்கூடிய பைபர் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. மெல்ல மெல்லப் பரவிய பைபரை ஒரே பாய்ச்சலில் எல்லாக் குப்பத்துக்கும் கொண்டுவந்தது 2004 டிசம்பர் 26-இன் சுனாமி. நிவாரணமாக ஆயிரக்கணக்கான படகுகள் அவசர அவசரமாக வார்க்கப்பட்டன. அனுபவசாலிகள் வார்த்தவையும் உண்டு. நேற்றுத் திறந்த கொட்டகையில் வார்த்தவையும் உண்டு. தரம் ஒரே மாதிரி இல்லை என்ற கவலை பெரிதாக எழுந்தது. பைபர் மீன்பிடிப் படகு கட்டுவதற்கென்றே ஒரு தொழில்நுட்பக் கையேட்டை அந்த ஐ.நா. அமைப்பு 2009-இல் வெளியிட்டது. சுனாமிக்குப் பின் வந்த படகுகளுக்கு இப்போது இருபது வயது. இன்று வாரிசுகள் கைக்கு வருபவற்றில் பல இந்தத் தலைமுறைப் படகுகள்.

பைபர் என்று நாம் சொல்வது இரண்டு பொருள்களின் கூட்டு. கான்கிரீட்டில் இழுவிசையைக் கம்பி தாங்குவது போல, இதில் கண்ணாடி இழை தாங்குகிறது. சிமென்ட் இருக்கும் இடத்தில் பாலியெஸ்டர் ரெசின் இருக்கிறது. நறுக்கிய இழைகளைப் பாய்போல் பரப்பியது மேட். முறுக்கில்லாத இழைக் கற்றைகளைத் துணிபோல் நெய்தது ரோவிங். அச்சின் மேல் முதலில் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஜெல்கோட் என்ற நிறப்பூச்சு, பிறகு மேட், ரோவிங், மேட் என்று ரெசினில் நனைத்து அடுக்கிக்கொண்டே போவார்கள். ரெசின் இறுகியதும் அச்சிலிருந்து படகைக் கழற்றுவார்கள். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் 1942 வாக்கில் பாலியெஸ்டரும் கண்ணாடி இழையும் சேர்த்து ஒரு சிறு படகு செய்தார். இன்று நம் கரையில் நடப்பதும் அடிப்படையில் அதே வேலைதான்.

இந்தப் பொருளுக்கு வயதாவது எப்படி? அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1950-களின் தொடக்கத்தில் 40 அடி ரோந்துப் படகுகளை பைபரில் கட்டியது. பத்தாண்டு கழித்து 1962-இலும், இருபதாண்டு கழித்து 1972-இலும் அவற்றில் ஒன்றிலிருந்து துண்டுகள் வெட்டியெடுத்து வலிமையைச் சோதித்தார்கள். குறிப்பிடும்படியான இழப்பு இல்லை. நன்றாக வார்த்த பைபர் தானாகக் கிழடாவதில்லை. படகைக் கெடுப்பது பைபருக்குள் நுழைந்த தண்ணீரும், பைபரோடு சேர்த்து வைத்த மரமும், ஒட்டாமல் ஒட்டியிருக்கும் பழைய பழுதுபார்ப்புகளும். ஆகவே இந்த வேலையில் முக்கால் பங்கு தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், அதை வெளியேற்றுவதும்தான்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஓர் ஐந்து ரூபாய் நாணயம் போதும். படகைக் கழுவித் துடைத்துவிட்டு, அணியத்திலிருந்து பின்பக்கம் வரை, ஒரு சாண் இடைவெளியில் நாணயத்தின் விளிம்பால் தட்டிக்கொண்டே வாருங்கள். அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடம் 'டிக், டிக்' என்று கூர்மையாகப் பேசும். அடுக்கு பிரிந்தோ உள்மரம் உளுத்தோ இருந்தால் சத்தம் 'தொப்' என்று மந்தமாகும். அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மோட்டார் ஓடாத, பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்ட நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. முடிந்ததும் வட்டங்களைத் தள்ளி நின்று பார்த்தால் படகின் நோய்க்குறிப்பு கண்முன்னே இருக்கும். ஜெல்கோட்டில் தெரியும் விரிசல்களையும் சேர்த்துப் படிக்கலாம். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் பிரிந்தால் அங்கே ஏதோ மோதியிருக்கிறது. வரிவரியாக இணைகோடுகள் ஓடினால் அந்த இடம் அலையில் திரும்பத் திரும்ப வளைந்திருக்கிறது. உள்ளே தாங்கு சட்டம் விட்டுப்போயிருக்கும்.

மணற்கரைப் படகுகளில் அடிப்பக்கத்தின் நடுவே ஓடும் ஏராதான் முதலில் தேய்கிறது. டிராக்டர் கட்டி மணலில் இழுக்கும்போதெல்லாம் அது உப்புத்தாள் மேல் நடக்கிறது. ஜெல்கோட் போய், மேட்டின் வெள்ளை இழைகள் மயிர்போல் நீட்டிக்கொண்டிருந்தால், அந்த இழை வழியே தண்ணீர் உள்ளே ஊறியிருக்கும். அடுத்த இடம் இன்ஜின் மாட்டும் பின்பலகை. வெளியே பைபர், உள்ளே பலகை. போல்ட் போட்ட ஓட்டைகள் வழியே சொட்டுச் சொட்டாகப் புகுந்த தண்ணீரில் அந்தப் பலகை மக்கி, கையில் எடுத்தால் ஈரத் தூளாக உதிரும். வெளிப்பார்வைக்குப் பின்பலகை திடமாகவே தெரியும். இன்ஜினை முழுவேகத்தில் முடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும், அதுவும் நடுத்தண்ணீரில்.

கொப்புளம் வேறு கதை. ஜெல்கோட் தண்ணீரை முழுக்கத் தடுப்பதில்லை. மூலக்கூறு மூலக்கூறாக உள்ளே விடும். உள்ளே சரியாக இறுகாமல் மிச்சமிருக்கும் வேதிப்பொருள்கள் அதில் கரைந்து அடர்கரைசல் ஆகின்றன. அடர்த்தியைச் சமன்செய்ய மேலும் தண்ணீர் உள்ளே வருகிறது. அழுத்தம் ஏறி ஜெல்கோட் கொப்பளிக்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான் இது. கொப்புளத்தைக் குத்தினால் புளித்த நெடியோடு பிசுபிசுப்பான நீர் வடியும். (கண்ணாடி அணிந்துகொண்டு குத்துங்கள், பீய்ச்சி அடிக்கும்.) இதில் உள்நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உப்புநீரைவிட நன்னீரில்தான் கொப்புளம் வேகமாக வரும், ஏனென்றால் வெளியே உள்ள நீருக்கும் உள்ளே உள்ள கரைசலுக்கும் அடர்த்தி வேறுபாடு அங்கே அதிகம். வெதுவெதுப்பான நீர் என்றால் இன்னும் வேகம். தினமும் மணலில் ஏறி வெயிலில் காய்ந்த கடல்படகு, ஏரியில் மாதக்கணக்காகக் கட்டிப்போட்டால் கொப்பளிக்க ஆரம்பித்துவிடும். வேலை முடிந்ததும் கரையேற்றுகிற கடற்கரைப் பழக்கத்தை ஏரிக்கரையிலும் விடக்கூடாது.

கண்டுபிடித்தாயிற்று, அடுத்தது உலர்த்துவது. இங்கேதான் உத்திரமேரூருக்கு யோகம். கடற்கரையில் நாள் முழுக்க உப்புக்காற்று. இங்கே மார்ச் முதல் மே வரை சுடச்சுட வறண்ட பகல்கள். தேய்ந்த இடங்களையும் கொப்புளங்களையும் கிரைண்டரால் திறந்துவிட்டு, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவுங்கள். உள்ளே இருக்கும் உப்பும் புளித்த கரைசலும் கரைந்து போகாவிட்டால் அவையே மறுபடி ஈரத்தை இழுக்கும். மக்கிய பலகையைத் தோண்டி வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு காயவிடுங்கள், வாரக்கணக்கில். காய்ந்ததா என்று பார்க்க, சந்தேகமுள்ள இடத்தில் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் விடியற்காலையில் பாருங்கள். தாளின் உள்பக்கம் பனித்திருந்தால் இன்னும் நாள் ஆகும்.

காயும் காலத்தில் படகு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். கல்லும் கட்டையும் கண்டபடி முட்டுக் கொடுத்தால் உடம்பு திருகிக்கொள்ளும். அந்தத் திருகலோடு புதிய அடுக்குப் போட்டால் அது நிரந்தரமாகிவிடும். ஏரா முழுக்க மணல் மூட்டை, உள்ளே தாங்கு சட்டம் வருகிற இடங்களில் பழைய லாரி டயர் என்று எடையைப் பரப்பி நிறுத்த வேண்டும்.

இனி ஒட்டும் வேலை. புதிதாக வார்க்கும்போது அடுக்குக்கு அடுக்கு வேதிப்பிணைப்பு உண்டாகிறது. காற்றுப்படும் மேற்பரப்பு பிசுக்காகவே இருப்பதால் அடுத்த அடுக்கு அதோடு கலந்து இறுகும். இருபது ஆண்டுப் பழைய பரப்பில் பிசுக்கு ஏது? அங்கே புதிய ரெசின் கரடுமுரடைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால்தான் ஓட்டையின் மேல் சும்மா ஒரு மேட்டை ஒட்டிய பழுது சில மாதத்தில் தட்டாகக் கழன்று வருகிறது. ஓட்டையைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போல் 12 மடங்கு அகலச் சரிவு என்பது கணக்கு. படகின் கனம் 6 மி.மீ. என்றால் சுற்றிலும் 72 மி.மீ. சரிவு. பத்து சென்டிமீட்டர் ஓட்டைக்காக ஒரு சாணுக்கும் மேல் அகலமான குழியைத் தேய்ப்பதைப் பார்த்தால் மனசு பதறும். பதறினாலும் தேய்க்கத்தான் வேண்டும். தேய்த்த தூளை நீக்கி அசிட்டோனால் துடைத்த பிறகு, முதல் அடுக்கு எப்போதும் மேட்; அதன் சிதறிய இழைகள்தான் கரட்டுப் பரப்பில் ரெசினைத் தேக்கி வைக்கும். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் ஓர் அடுக்கு, இறுகிய பின் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்.

கலவையில் ஆபத்து இருக்கிறது. ரெசினை இறுக வைக்க இரண்டு பொருள்: கோபால்ட் முடுக்கி, கேட்டலிஸ்ட் எனப்படும் பெராக்சைடு. இவை இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். கோபால்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். கடையிலேயே கோபால்ட் சேர்த்த ரெசினா என்று கேட்டு வாங்குங்கள். அரை கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் 5 முதல் 10 மி.லி.; வெயில் காலத்தில் ஐந்துக்குப் பக்கமாக. ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் உள்ளே இறுகாமலே போகும். கலக்கிய மக்கைக் கையில் பிடித்தால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு லேசான சூடு, பிறகு ரெசின் கூழாகக் கட்டும். மக்கிலேயே விட்டால் புகைந்து வெடிப்புவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, காலைப் பனி காய்ந்த பின், உச்சி வெயிலுக்கு முன் வேலையை முடிக்க வேண்டும். பிரஷால் தடவாமல் குத்திக் குத்தி நனைத்து, கம்பி உருளையால் காற்றுக்குமிழிகளை ஓட்டுங்கள். வெண்மையாகத் தெரிகிற மேட் கண்ணாடிபோல் மறைந்தால் நனைந்துவிட்டது என்று அர்த்தம். வாயைத் துண்டால் கட்டிக்கொள்வது ரெசின் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். உடனே நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவியபடி மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பின்பலகைக்கும் நீர்மட்டத்துக்குக் கீழேயும் பாலியெஸ்டரை விட்டுவிட்டு எபாக்சி வாங்கச் சொல்வேன். விலை கூட, ஆனால் பழைய பரப்பில் அதன் பிடிப்பே வேறு. எபாக்சியோடு சாதாரண மேட்டைப் பயன்படுத்தாதீர்கள். மேட்டின் இழைகளைக் கட்டிவைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். நெய்த துணிதான் எபாக்சிக்கு ஏற்றது. உள்ளே வைக்கும் பலகை ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட்டாக இருக்கட்டும். போல்ட் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் நடுவே சரியான அளவில் மறுபடி துளையுங்கள். தண்ணீர் மரத்தைத் தொட வழியே இருக்காது. எபாக்சி மேல் ஜெல்கோட் சரியாக இறுகாது, பெயின்ட்தான். பெயின்ட் கடைக்குப் போகும் நாள் இதுதான்.

படகு தயார், எங்கே விடுவது? கடல் என்றால் பதிவு மீன்வளத் துறையில் காலமானவர் பெயரில் இருக்கும். வாரிசுச் சான்றோடு போய் மாற்ற வேண்டும். ஏரி என்றால், உத்திரமேரூர் ஏரி பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம். பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி அதைக் கவனிக்க ஏரி வாரியமே இருந்தது. ஏரிகளில் ஓடம் விட்டு வண்டல் அள்ளிக் கரையில் போடுவதும் அக்காலக் கல்வெட்டுகளில் வருகிற செய்திதான். ஆனால் ஏரி இன்று பொதுச்சொத்து. மீன்பாசி குத்தகை எடுத்தவர் இருப்பார். அனுமதி கேட்காமல் இறக்கக்கூடாது.

இறக்குமுன் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது. பைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். நீர் நிறைந்தால் நேரே அடிக்குப் போகும். அதற்காகத்தான் அணியத்திலும் பக்கங்களிலும் மூடிய அறைகள் வைத்து, உள்ளே தெர்மோகோல் நிரப்பியிருப்பார்கள். பழைய படகில் அந்த அறை விரிசல் விட்டுத் தண்ணீர் குடித்திருக்கும். திறந்து பாருங்கள். புதிதாக நிரப்பும்போது தெர்மோகோலைப் பாலிதீனில் இறுகச் சுற்றியே வையுங்கள், பாலியெஸ்டர் ரெசின் பட்ட இடத்தில் தெர்மோகோல் கரைந்து காணாமல் போய்விடும். பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் படகை நிறுத்தி, இன்ஜின் எடைக்கு மணல் மூட்டை வைத்து, விளிம்பு வரை நீரை மொண்டு ஊற்றுங்கள். அந்த நிலையிலும் படகு சாயாமல் மிதந்து, பக்கத்தைப் பிடித்துத் தொங்கும் ஆட்களையும் தாங்கினால் பிள்ளைகளை ஏற்றலாம்.