கூட்டு வியாபாரமும் கணக்கேடும்

திருகோணமலைத் துறைமுகத்தின் இயற்கை வளத்தைப் புகழாதார் இலர். ஆயினும் இயற்கை தருவது துறையை மட்டுமே. தொழிலுக்கு வேண்டிய முதலை மனிதரே தேடிக்கொள்ள வேண்டும். படகு, வலை, இயந்திரம், பனிக்கட்டி என்று பெருமுதல் வேண்டும் கரையோரத் தொழில்களில் இருவரோ மூவரோ கூடி முதலிடுவது இயல்பு. அவ்வாறு கூடுவோர் கணக்கை எவ்வாறு எழுதிக்கொள்ள வேண்டும் என்பதையே வர்த்தகம் பயிலும் நம் மாணவர் பங்குடைமைக் கணக்கு, கம்பனிக் கணக்கு என்ற இரு பகுதிகளாகக் கற்கின்றனர். இது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடமன்று. குடும்பத்தின் சொத்தைக் காக்கும் பாடமுமாகும்.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தின் அருகே இரு நண்பர்கள் கூடி வலைக்கடை ஒன்று நடத்துவதாக ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் இட்ட முதல் 600,000 ரூபா. மற்றவர் இட்டது 300,000 ரூபா. ஆனால் நாள்தோறும் கடை திறந்து உழைப்பவர் இரண்டாமவரே. ஆண்டு முடிவில் இலாபம் 180,000 ரூபா. இதனை எவ்வாறு பங்கிடுவது?

ஒப்பந்தம் எழுதியும், இலாப விகிதத்தைப் பற்றி அதில் எதுவும் கூறாது விட்டனர் எனின், சட்டமே அந்த இடத்தை நிரப்பும். இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டமே இலங்கையிலும் வழங்கி வருகிறது. அதன்படி இலாபம் சரிபாதி. ஆளுக்கு 90,000 ரூபா. முதலுக்கு வட்டியில்லை, உழைப்புக்குச் சம்பளமில்லை. முதலுக்கு மேலாக ஒருவர் கடையின் தேவைக்குக் கடனாகக் கொடுத்த பணத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 5 வீத வட்டி உண்டு. இரட்டிப்பு முதலிட்டவருக்கும் மனக்குறை. ஆண்டெல்லாம் உழைத்தவருக்கும் மனக்குறை.

முதலுக்கு 10 வீத வட்டி, உழைப்பவருக்கு மாதம் 5,000 ரூபா சம்பளம், எஞ்சியது சமபங்கு என்று முன்னரே எழுதியிருந்தால் நிலை வேறு. வட்டியாக ஒருவருக்கு 60,000, மற்றவருக்கு 30,000 ரூபா. சம்பளம் 60,000 ரூபா. எஞ்சிய 30,000 ரூபாவில் ஆளுக்கு 15,000 ரூபா. ஆக, முதலிட்டவருக்கு 75,000 ரூபாவும் உழைத்தவருக்கு 105,000 ரூபாவும் சேரும். இலாபம் அதே 180,000 தான். மாறியது உடன்படிக்கை மட்டுமே. மாணவர் எழுதும் இலாபப் பகிர்வுக் கணக்கின் பொருள் இதுவே.

அவர்களே தங்கள் கடையை ஒரு கம்பனியாக அமைத்து, இட்ட பணத்துக்கேற்பப் பங்குகளைப் பெற்றிருந்தால்? அப்பொழுது சம்பளம் இலாபத்தின் பங்காகாது, செலவாகிவிடும். வரியை ஒதுக்கிப் பார்த்தால் எஞ்சுவது 120,000 ரூபா. அதை முழுவதும் பங்கிலாபமாகக் கொடுப்பின், ஒருவருக்கு 80,000, மற்றவருக்கு 40,000 ரூபா. ஆனால் கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. பணிப்பாளர் தீர்மானிக்க வேண்டும். கொடுத்தபின்னும் கம்பனி தன் கடன்களைத் தீர்க்க வல்லதாயிருக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் விதிக்கின்றது.

கம்பனி சட்டத்தின் கண்ணில் தனியோர் ஆள். வரையறுத்த பொறுப்புடைய கம்பனி நொடித்தால், பங்குக்குரிய பணத்தைச் செலுத்தி முடித்தவர் அதற்கு மேல் இழப்பதில்லை. பங்குடைமையிலோ, கடையின் கடனுக்குப் பங்காளரின் வீடும் வளவும் பொறுப்பு. வேறு உடன்படிக்கை இல்லையெனில், பங்காளர் ஒருவர் இறந்தவுடனேயே பங்குடைமையும் கலைந்துவிடும்.

கம்பனிக்கு நம் கண்முன் ஒரு சான்று உண்டு. சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 61ஐ மேம்படுத்துவதற்கென 2022 ஜனவரியில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதற்கென அமைந்த கம்பனியில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதமும் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு 49 வீதமும் பங்கு. யாருக்கு எவ்வளவு என்பது தொடக்கத்திலேயே எழுத்தில் நின்றது. தாங்கிக்கு வேண்டிய இத்தெளிவு சிறு வலைக்கடைக்கு வேண்டாவோ?

வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட முதலுடைய பங்குடைமையை நிலைநாட்டும் ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து கையொப்பம் பெற்றிருத்தல் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஆயிரம் ரூபாவைத் தாண்டாத கடை இன்று எங்கே உளது? வியப்பு யாதெனில், எழுத்து இல்லாதபோதும் கடன் கொடுத்த வெளியார் நிகழ்ச்சிகளைச் சான்றுகாட்டி அவர்களைப் பங்காளரென நிரூபிக்கலாம். பங்காளரோ தம்முள் அவ்வுறவை நிலைநாட்ட இடர்ப்படுவர். கடனைக் கேட்பவனுக்குக் கதவு திறந்திருக்கும். பங்கைக் கேட்கும் விதவைக்கு அது அடைபடக்கூடும்.

ஆகவே மாணவர்களே, மூலதனக் கணக்கையும் நடைமுறைக் கணக்கையும் வேறுபிரித்து எழுதுமாறு ஆசிரியர் வற்புறுத்தும்போது அலுத்துக்கொள்ளாதீர்கள். இட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்பதை ஒருவர் மறைந்த பின்னும் சொல்லக்கூடியது அவ்வேடே. பெற்றோரும் தம் பிள்ளைகள் கற்றதைக் கேட்டறிந்து, தங்கள் கூட்டுத் தொழிலின் ஒப்பந்தத்தை இன்றே ஒருமுறை எடுத்துப் படிப்பாராக. நட்பு நல்லதுதான்; எழுத்து அந்த நட்புக்கு வேலி.