குழாய் இல்லாத உடை, பறிபோன உயிர்!

திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் கேஸ் அடுப்பு வாங்குகிறவர் டியூப் இருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டுக்குப் போவாரா? அமெரிக்காவில் ஒரு பயிற்சியில் அதைக் கவனிக்க ஆளில்லை!

மொன்டானா மாநிலம், மெக்டொனால்டு ஏரி. 2020 நவம்பர் 1-ந் தேதி. 18 வயதுப் பெண் ஒருவர் ஸ்கூபா பயிற்சிக்காக இறங்கினார். குளிர் தாங்க, தண்ணீர் புகாத உடை. அதுவும் பழசு. அதற்குள் காற்று செலுத்தும் குழாய் மாட்டப்படவே இல்லை. பைகளில் சுமார் 20 கிலோ ஈயம். குடும்பத்தார் 2021-ல் போட்ட வழக்கு சொன்ன விவரம் இது.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு காற்று மண்டல அழுத்தம் கூடும். உடைக்குள் இருந்த காற்று சுருங்கியது. உடை உடம்பை நெரித்தது. ஈயம் கீழே இழுத்தது. பெண் பிணமாகத்தான் கரை சேர்ந்தார்.

நம்ம பக்கம் மட்டும் என்ன வாழுதாம்? தூத்துக்குடியில் படகில் கம்பிரசரை ஓட்டி, ரப்பர் குழாய் வழியே மூச்சு விட்டுச் சங்கு குளிக்கும் வழக்கம் உண்டு. என்ஜின் புகை அந்தக் காற்றில் கலந்தால் மயக்கம். அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி. கை கால் விழுந்துவிடும்.

"இதுவே போதும், இறங்குப்பா" என்று வாத்தியாரே சொன்னாலும், ஒவ்வொரு குழாயையும் தொட்டுப் பாருங்க. ஒன்று குறைந்தாலும் கரையிலேயே நில்லுங்க. பயிற்சியை நாளைக்குப் படிக்கலாம், உயிர்?