இளவேனிலும் ஈருருளியும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதாக வகுத்த நம் முன்னோர், சித்திரை, வைகாசி என்னும் இரு திங்களையும் இளவேனில் என்றனர். இதனை வகுப்பிலே கற்பிக்கும்போதெல்லாம், பின்வாங்கிலிருந்து எவனாவது ஒரு மாணாக்கன், "ஐயா, சித்திரை வெயிலிலே தலை வெடிக்கிறது, இதில் இளமை எங்கே இருக்கிறது?" என்று கேட்பதுண்டு. "நூல் அவ்வாறு கூறுகிறது, எழுதிக்கொள்" என்று விடைகூறிப் பல்லாண்டு தப்பி வந்தேன். மெய்யான விடையை நான் அறிந்துகொண்டது ஏட்டிலன்று. ஐம்பது வயதைக் கடந்தபின், துவிச்சக்கரவண்டியின் ஆசனத்திலே.

துவிச்சக்கரவண்டி என்பது வடமொழி கலந்த பெயர். தனித்தமிழ் அன்பர் ஈருருளி என்பர். தமிழகத்தார் மிதிவண்டி என்பர். எங்கள் ஊரார் சைக்கிள் என்ற அளவிலே அமைதி கொள்வர். பெயர் எதுவாயினும், என் வீட்டுத் தாழ்வாரத்தில் அது நெடுங்காலம் தூசி படிந்தே கிடந்தது. 2022ஆம் ஆண்டு இலங்கை முழுவதும் எரிபொருளுக்குத் தவித்தபோது, பிறர் போலவே நானும் அதனைத் துடைத்து எடுத்தேன். ரயர் இரண்டும் புதிதாக இட்டேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். கல்லூரிக்கு அதிலேயே சென்றேன். மறு ஆண்டு பெற்றோல் தட்டின்றிக் கிடைக்கலாயிற்று. வண்டியை மீண்டும் தாழ்வாரத்திற்கு அனுப்ப முற்பட்டவேளை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியராகிய என் நண்பர் தடுத்தார். "பண்டிதர், தேவைக்கு ஓடியது போதும். ஞாயிறு காலையில் ஆசைக்கு ஓடுவோம்" என்றார். அன்று தொடங்கியது எங்கள் ஞாயிற்றுப் பயணம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வண்டியோட்டிக்கு ஏறுதற்கு மலையில்லை. காற்றே அவனுக்கு மலை. மார்கழி, தைத் திங்களில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். வைகாசி பிற்பகுதியிலே சோளகம் தென்மேற்கிலிருந்து எழுந்துவிடும். சோளகத்தில் கிழக்கு நோக்கிச் செல்வோனை அது முதுகிற் கைவைத்துத் தள்ளிச் செல்லும். திரும்பும்போது மார்பிற் கைவைத்து மறிக்கும். இவ்விரு காற்றுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையிலேதான் வெளியெங்கும் ஓர் ஓய்வு நிலவும். அதுவும் நாள் முழுவதுமன்று. காலை ஐந்தரை மணி முதல் எட்டு மணி வரையும் நிலம் குளிர்ந்திருக்கும். பனையோலை அசையாது நிற்கும். வண்டி தானே செல்வது போலிருக்கும். அந்த இரண்டரை மணி நேரந்தான் எங்கள் நாட்டின் இளவேனில். மாணாக்கனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

எங்கள் வழி நல்லூரிலிருந்து புறப்பட்டுச் செம்மணி, நாவற்குழி, கைதடி ஊடாகச் சாவகச்சேரி வரை செல்வது. ஏறக்குறைய 15 கிலோமீற்றர். செம்மணியை அடைந்ததும் இருவரும் இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு சிறிது தூரம் பேசாது நடப்போம். 1999இலும் 2025இலும் அவ்விடத்திலே மண்ணை அகழ்ந்தபோது மனித என்புகள் வெளிப்பட்டன. அங்கே மிதித்து விரைந்துபோகக் கால் இசைவதில்லை. அதன்பின் நாவற்குழிப் பாலம். இருமருங்கும் கடனீரேரி கண்ணாடி போலக் கிடக்கும். பங்குனி முற்பகுதியிற் சில நாள்களில், வலசை வந்த பூநாரைகள் ஆழமற்ற நீரில் நிற்பதைக் காணலாம். 2014ஆம் ஆண்டு மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய புகையிரதம் சில வேளைகளில் எங்களைக் கடந்து செல்லும். கைதடி தாண்டினால் வலிகாமத்தின் செம்மண் மறைந்து, தென்மராட்சியின் மணற்பாங்கான நிலமும், தென்னையும், பலாவும், பிஞ்சு தொங்கும் மாமரங்களும் வரவேற்கும்.

முதற்பயணத்தின்போது, வழியில் ஒரு தேநீர்க் கடையிலே இறங்கினோம். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "வெள்ளன எங்கை ஐயா போறியள்? கோயிலுக்கோ?" என்றார். இல்லை என்றேன். "செத்தவீட்டுக்கோ?" அதுவும் இல்லை என்றேன். "அப்ப?" என்று நின்றார். எனக்கு விடை வரவில்லை. நண்பர்தான், "சும்மா" என்றார். கடைக்காரர் எங்கள் வண்டிகளின் வெறுங் கரியரைப் பார்த்தார். "சும்மாவோ!" என்று சிரித்துவிட்டுத் தேநீர் ஆற்றப் போனார்.

நான் வெட்கமுற்றேன். அதன் காரணத்தை வீடு திரும்பிய பின்னரே ஆராய்ந்தேன். சும்மா என்னும் சொல்லுக்குச் சமயநூலார் ஆழ்ந்த பொருள் காண்பர். நான் அத்துணை உயரம் ஏறவில்லை. எனக்குத் தெரிந்தது இதுதான்: என் வண்டி அதற்கு முன் ஒருநாளேனும் சும்மா ஓடியதில்லை.

1990ஆம் ஆண்டின் பின், எரிபொருளும் மின்னும் அற்ற யாழ்ப்பாணத்தில் எங்கள் இளமை கழிந்தது. விறகும் நெல்மூடையும் சைக்கிளிலேயே வந்தன; நோயாளர் சைக்கிளிலேயே வைத்தியசாலைக்குச் சென்றனர். இரவில் வண்டியைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னிலே வானொலிச் செய்தி கேட்டோம். காற்றடைத்த ரயருக்கு 1888இல் உரிமைப்பத்திரம் பெற்ற டன்லப் என்னும் கால்நடை வைத்தியர், தம் மகன் ஓட்டி விளையாடிய முச்சக்கரவண்டிக்காகவே அதனை முதலில் அமைத்தார் என்பது வரலாறு. ஒரு பிள்ளையின் விளையாட்டிலே பிறந்த பொருள், எங்கள் தலைமுறைக்கு விளையாட்டாக வாய்க்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊர் நீங்கியபோது, இதே செம்மணி வழியிலேதான் நானும் வண்டியை உருட்டிச் சென்றேன். கரியரில் அம்மா; பாரிலே துணிமூட்டை; கைபிடியிலே தொல்காப்பியமும் நன்னூலும் இட்ட பை. மழை பெய்தது. ஓர் அடி வைத்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டிய நெரிசல். "தம்பி, நான் இறங்கி நடக்கிறன்" என்று அம்மா பலமுறை சொன்னார். நான் இசையவில்லை.

மறு ஆண்டு சித்திரையின் பிற்பகுதியிலே, தென்மராட்சியிலிருந்து ஊர் திரும்பினோம். அப்போதும் அம்மா அதே கரியரில் இருந்தார். கைதடிப் பகுதியில் ஓரிடத்திலே, "தம்பி, வேம்பு பூத்துக் கிடக்குது, பார்" என்றார். வீடு இருக்குமோ, கூரை இருக்குமோ என்ற எண்ணத்திலே நான் திரும்பிப் பார்க்கவில்லை. "பிறகு பார்ப்பம், அம்மா" என்றேன். அம்மா வேறொன்றும் சொல்லவில்லை. பூக்கும் பருவத்தில் ஆண்டுதோறும் முற்றத்தில் சேலை விரித்து, உதிரும் பூவைச் சேர்த்து வடகம் போடுவது அவர் வழக்கம். அதனை நினைத்துத்தான் சொன்னாரோ என்று பின்னர் எண்ணியதுண்டு. கேட்பதற்கு அவர் இன்றில்லை.

சென்ற சித்திரையில் ஒரு ஞாயிறு, கைதடி தாண்டியதும் வண்டியை நிறுத்தினேன். தெருவோரத்து வேம்பொன்றின் கீழ் வெண்பூ உதிர்ந்து பாய் விரித்தாற்போலக் கிடந்தது. அம்மா காட்டிய மரம் அதுதான் என்று சொல்லேன். அந்த மரத்தை நான் பார்த்திலேனே. நண்பர் ஒன்றும் கேளாது தம் சால்வையைத் தந்தார். இருவருமாகக் குனிந்து பூவைச் சேர்த்தோம். சிறு பொட்டலம், கரியரில் வைத்துக் கட்டினால் எடை தெரியாது. அவ்வாரம் என் மனைவி உழுந்தும் செத்தல் மிளகாயும் கூட்டி வடகம் போட்டார். கைப்பு இருந்தது, நன்றாகவும் இருந்தது.

இவ்வழியிற் செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தை. கண்டி வீதியிலே கனரக வாகனங்கள் விரைந்து வருவன. ஆதலின் ஓரம் விட்டு விலகாதீர்கள். பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். முதல்நாள் மாலையே காற்றடித்து வையுங்கள். தண்ணீர் கொண்டு செல்லுங்கள். எட்டு மணிக்குமேல் வெயில் முதுவேனிலாகிவிடும். அதற்குள் நிழல் தேடுங்கள். கரியரில் மட்டும் எதனையும் ஏற்றிச் செல்லாதீர்கள்.

இப்போது கடைக்காரர் எங்களைக் கண்டால் எங்கே என்று கேட்பதில்லை. "சும்மாதானே?" என்கிறார். "சும்மாதான்" என்று நானே முந்திக்கொண்டு சொல்லுகிறேன். வகுப்பிலே இனி எவனாவது ஒரு மாணாக்கன் சித்திரையில் இளமை எங்கே என்று கேட்பானாயின், எழுதிக்கொள் என்று சொல்லமாட்டேன். ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குச் சைக்கிளோடு நல்லூருக்கு வா என்பேன்.