சாவா மூவாக் கொடை: பல்கலைக்கழகக் கலைக்கூடமும் கொடையாளரும்

திருகோணமலைக்கு வடபால், கடலோரமாய்க் கிடக்கும் நிலாவெளி என்னும் ஊரிலே சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. கோணமாமலையில் எழுந்தருளிய மச்சகேச்சுரமுடைய மகாதேவருக்கு 250 வேலி நிலம் நிவந்தமாக விடப்பட்ட செய்தியை அது கூறுகின்றது. கொடுத்தவர் மறைந்தனர்; நிலம் அளந்த கோலும் மறைந்தது; கொடையைப் பெற்ற பெருங்கோயிலும் 17-ஆம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியிற் போர்த்துக்கேயராற் தகர்க்கப்பட்டு, அதன் கற்கள் கோட்டை மதிலாயின. ஆயினும் கொடையின் நோக்கமும் அளவும் இன்றும் படிக்கத்தக்கனவாய் நிற்கின்றன. அந்நிலாவெளிப் பகுதியைச் சார்ந்த கோணேசபுரியிலேதான் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இப்பொழுது அமைந்திருக்கின்றது. கொடையைக் கல்லில் எழுதிவைத்த மண்ணிலே உயர்கல்வி வளர்வதால், கலைப்பொருள்களைத் தேடிக் காத்துக் கற்பிப்பதற்கு வேண்டிய பொருளைப் பல்கலைக்கழகமொன்று எவ்வாறு திரட்டுதல் கூடும் என்னும் வினா இத்துறைமுக மாவட்டத்துக்குப் புறம்பானதன்று.

பல்கலைக்கழகக் கலைக்கூடம் ஏனைய நூதனசாலைகளினின்றும் ஒருவகையால் வேறுபட்டது. காண்போர் கண்டு வியத்தல் அதன் பயன்களுள் ஒன்றே. மாணவர் ஒரு படிமத்தை அருகிலிருந்து ஆராய்தல், ஆசிரியர் அதன் காலத்தையும் வார்ப்பு முறையையும் துணிதல், ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டு எழுதுதல் என்பனவும் அதன் பணிகளாம். எலியாஸ் ஆஷ்மோல் என்பார் தம் தொகுப்பை ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துக்கு ஈந்ததனால் 1683-ஆம் ஆண்டில் எழுந்த ஆஷ்மோலியன் நூதனசாலை இவ்வகைக் கூடங்களுக்கெல்லாம் முன்னோடி. அன்றுதொட்டு இன்றுவரை இத்தகைய கூடங்கள் பெரும்பாலும் கொடையினாலேயே எழுந்து கொடையினாலேயே வாழ்கின்றன. அரசு தரும் பணம் வகுப்பறைக்கும் ஆய்வுகூடத்துக்குமே போதாதவிடத்துக் கலைக்கூடம் கடைசி வரிசையில் நிற்றல் இயல்பு. ஆதலின் நிதி திரட்டுதலும் கொடையாளரைப் பேணுதலும் அதன் தலைமைப் பணிகளுள் அடங்கும்.

பணக்கொடையின் இயல்பை முதற்கண் நோக்குதல் தகும். கட்டடம் எழுப்பப் பணம் கேட்டால் கொடுப்போர் பலர். எழுப்பிய கட்டடத்தைப் பேணப் பணம் கேட்டால் கொடுப்போர் சிலர். கட்டடம் கண்ணுக்குத் தோன்றும், பேணுதல் தோன்றாது. திருகோணமலை போன்ற துறைமுகப் பட்டினத்திலோ பேணுதலே பெருஞ்செலவாகும். கடற்காற்றிலுள்ள உப்பு வெண்கலப் படிமத்தின்மீது படிந்து, ஈரத்தோடு கூடி, உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும். படிமத்தின்மேல் வெளிறிய பச்சைப் பொடியாகத் தோன்றும் அவ்வரிப்பை அறிஞர் வெண்கல நோய் என்பர். அதற்கு மருந்து உப்பு நீக்குதலும் உலர்ந்த காற்றுமே. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும் பொறி இரவு பகலாக இயங்க வேண்டும். அதற்கு மின்சாரமும் அதனைக் கவனிக்கத் தேர்ந்த ஒருவரும் வேண்டும். ஒருமுறை கொடுத்து முடியும் கொடை இதற்குப் போதாது.

முடியாத செலவுக்கு முடியாத கொடை வேண்டும் என்பதைச் சோழர் காலத்தவர் நன்கறிந்திருந்தனர். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிப்பதற்கு 96 ஆடுகளை விடுவது அக்கால வழக்கம். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். ஆடு மூப்படையும், இறக்கும். எனினும் குட்டிகளால் எண்ணிக்கை குன்றாது நிரம்புமாதலின் அம்மந்தையைச் சாவா மூவாப் பேராடு எனக் கல்வெட்டுகள் குறித்தன. இவ்வழக்கம் சோழநாட்டோடு நின்றுவிடவில்லை. திருகோணமலைக்கு அண்மையிற் பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரை, சோழர் ஆட்சியில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றிருந்தது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் விளக்கெரிக்கப் பசுக்களும் காசும் அளித்தோரைக் குறிப்பிடுகின்றன. பௌத்தப் பள்ளியொன்றுக்குத் தமிழில் எழுதப்பட்ட அக்கொடைகள், மூவினத்தவரும் வாழும் இம்மாவட்டத்திற் கொடையுள்ளம் சமய எல்லையைக் கடந்து சென்றமைக்கும் சான்றாவன.

முதலைத் தொடாது வருவாயை மாத்திரம் செலவிடும் நிலைநிதி என்பது இப்பேராட்டு முறையே. 1816-ஆம் ஆண்டில் மறைந்த பிற்ஸ்வில்லியம் பிரபு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு 144 ஓவியங்களையும் நூல்களையும் எழுதிவைத்ததோடு, 100,000 பவுண் முதலையும் விட்டு, அதன் வருவாயைக்கொண்டு கூடம் அமைக்குமாறு பணித்தார். பல்கலைக்கழகத்தார் வருவாய் திரளும்வரை காத்திருந்து 1837-இல் கட்டடத்தைத் தொடங்கினர். 1848-இல் வாயில் திறந்தது. பொறுமையும் கொடையின் ஒரு பகுதி என்பதை அது காட்டும். ஆயின், ஆட்டு மந்தைக்கும் பணத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. மந்தை தானே பெருகும். பணம் விலையேற்றத்தால் தானே தேயும். 2022-ஆம் ஆண்டில், ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய் என்றிருந்த நிலை சில மாதங்களுள் 350-ஐக் கடந்தது. ஆண்டு வருவாய் முழுவதையும் செலவிட்ட நிலைநிதி அத்தகைய காலத்தில் மூத்துச் சாகும். வருவாயில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்த்தலே குட்டிகளை மந்தையில் விடுதலாம். இதனைக் கொடையாளருக்குத் தொடக்கத்திலேயே தெளிவாக உரைப்பவரே நிதி திரட்டுவோருள் நம்பத்தக்கவர்.

இனிப் பொருட்கொடை. பொருளைக் கொடுப்பவருக்கு அதனைக் கொடுக்கும் உரிமை உண்டா என்பதே முதல் வினாவாதல் வேண்டும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையிற் கிடைத்ததாகக் கூறப்படும் தாராதேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலப் படிமம் இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. ஏறத்தாழ ஆளுயரமுள்ள அவ்வரிய வார்ப்பை 1830-இல் அந்நூதனசாலைக்கு அளித்தவர் இலங்கையின் முன்னாள் தேசாதிபதி றொபேட் பிறவுண்றிக். அளித்தவரின் பெயரும் ஆண்டும் ஐயமின்றி உள்ளன. எந்த ஊரில், எந்தத் தலத்தில், யாருடைய இசைவோடு எடுக்கப்பட்டது என்பதற்கோ தெளிவான பதிவில்லை. தனதல்லாத பொருளை ஒருவர் ஈந்தால் அதனைக் கொடை என்பது பொருந்துமா என்னும் கேள்வி இரு நூற்றாண்டாகியும் ஓயவில்லை. இலங்கையில் 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் நிலத்தடியிற் புதைந்து கிடக்கும் தொல்பொருள்களை அரசுக்கே உரியனவாக்கியிருக்கின்றது. எனவே, தம் வளவிற் கிணறு வெட்டுகையிற் கிடைத்த சிலையை ஒருவர் அன்போடு கொண்டுவந்து கொடுப்பினும், தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவியாது அதனை ஏற்றல் கலைக்கூடத்துக்குத் தகாது.

கிணறு வெட்டுகையிற் சிலை கிடைத்தல் திருகோணமலைக்குப் புதிதன்று. 1950-ஆம் ஆண்டில் நகரசபையார் கிணறு தோண்டியபொழுது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. டாக்டர் பாலேந்திரா அவற்றைப்பற்றி 1953-இல், தனிநாயகம் அடிகள் நடத்திய ஆங்கில ஆராய்ச்சி இதழில் எழுதினார். அத்திருவுருவங்கள் நூதனசாலைக்குச் செல்லவில்லை. ஊர்தோறும் எழுந்தருளிய பின்னர், மக்கள் பொருளுதவியாற் புதுக்கப்பெற்ற கோணேசர் ஆலயத்தில் 1963-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்த கும்பாபிடேகத்தோடு வழிபாட்டுக்குத் திரும்பின. கலைக்கூடம் இதனை ஓர் இழப்பாகக் கருதுதல் கூடாது. பூசை நிகழும் படிமத்தைக் கேட்டுப் பெறுதல் அதன் தொழிலன்று. ஆலயத்தாரின் இசைவோடு அளந்து, படம் எடுத்து, வரலாறு எழுதி வைத்தலே அதன் தொழில். பொருளைக் கொடாது அறிவை மாத்திரம் கொடுப்போரும் கொடையாளரே. அவர்களையும் உரிய மதிப்போடு ஏட்டிற் பதிதல் வேண்டும்.

உரிமையுள்ள பொருளும், கொடுக்கும் மனமும் இருந்தும் கொடை நிறைவேறாது போதல் உண்டு. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1910-11 அலகபாத் கண்காட்சியின் கலைப்பகுதியைப் பொறுப்பேற்று, வட இந்தியாவெங்கும் திரிந்து ஓவியங்களையும் சிற்பங்களையும் திரட்டினார். தம் தொகுப்பை அடிப்படையாகக்கொண்டு இந்திய மண்ணிலேயே தேசியக் கலைக்கூடமொன்று எழவேண்டுமென்பது அவர் விருப்பம். அதற்கு வேண்டிய ஆதரவு கிட்டவில்லை. 1917-இல் ஆவாட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டென்மன் றொஸ் அத்தொகுப்பை வாங்கிப் பொஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலைக்கு வழங்கினார். குமாரசுவாமியும் அங்கே காப்பாளராகச் சென்று, 1947-இல் மறையும்வரை பணியாற்றினார். வாங்குவோர் இல்லாமையாற் போனது தொகுப்பு மாத்திரமன்று. அதனை விளக்க வல்ல அறிஞரும் போயினர்.

இதற்கு மறுதலையாகக் காசியில் நிகழ்ந்ததை ஒப்பிடலாம். இராய் கிருட்டிணதாசர் 1920-இல் இரவீந்திரநாத தாகூரைத் தலைவராகக்கொண்டு சிறிதாய்த் தொடங்கிய கழகம், பாரத கலா பவனமாக வளர்ந்து, 1950-இற் காசி இந்துப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தொகுப்பை ஒப்படைத்தபின் அவர் ஒதுங்கிவிடவில்லை. அதனை வளர்க்கும் பொறுப்பிலும் நெடுங்காலம் இருந்தார். அவர் இருப்பே பிறர்க்கு உறுதியாயிற்று. சுவிற்சர்லாந்து தேசத்துக் கலைஞராய்க் காசியில் வாழ்ந்த அலிஸ் போனர் அம்மையாரின் தொகுப்பும் அங்கே தனிக்கூடம் பெற்றது. முதற் கொடை செம்மையாகப் பேணப்படுவதைக் கண்டே அடுத்த கொடையாளர் வருவர் என்பதற்கு அப்பவனம் விளக்கம்.

ஆகவே கொடையாளரைப் பேணுதல் என்பது உபசார மொழியும் பூமாலையும் அன்று. அது பெரிதும் கணக்கும் பதிவுமாம். கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் ஆலயத்துக்குரிய தொழும்புகளைத் தானத்தார், வரிப்பத்தார் முதலியோர்க்குப் பகுத்து உரைக்கின்றது. யார் எதற்குப் பொறுப்பு என்பது ஐயத்துக்கிடமின்றி இருந்தமையே அவ்வேற்பாட்டின் வலிமை. கலைக்கூடத்திலும் ஒவ்வொரு கொடைக்கும் எழுத்துமூலமான உறுதி வேண்டும். எப்பொருள், எந்நோக்கம், எந்நிபந்தனை, நோக்கம் நிறைவேறாவிடின் என் செய்வது என்பன அதில் விளங்குதல் வேண்டும். ஒரு கொடையாளர் தம் பொருள்களை என்றும் ஒரே அறையில் ஒருசேர வைக்கவேண்டும் என்பாராயின், பின்னாளில் இயலாததை இன்று ஒப்புக்கொள்வதினும் பணிவோடு மறுத்தலே நன்று. பதிவேட்டின் படியொன்று வேற்றூரிலும் இருத்தல் வேண்டும். 2004-ஆம் ஆண்டு திசெம்பர் 26-ஆம் நாள் நிலாவெளிக் கரையில் ஆழிப்பேரலை எழுந்ததை அறிந்தோர்க்கு இதன் இன்றியமையாமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெருங்கொடையாளர் சிலரை மாத்திரம் நம்பியிருத்தலும் அறிவுடைமையன்று. கேம்பிரிட்ஜ்க் கூடத்தின் தலைவராயிருந்த சிட்னி கொக்கரல் 1909-ஆம் ஆண்டில் நண்பர் கழகமொன்றை நிறுவி, ஆண்டுக்கொருமுறை சிறுதொகை செலுத்துவோரைச் சேர்த்துப் பொருள்கள் வாங்கினார். ஈழத்துக் கோயில்களில் ஒவ்வொரு திருவிழாவும் ஒவ்வோர் உபயகாரருக்குரியதாய் இருப்பதைப் போன்றது அது. திருவிழாவைத் தமதெனக் கருதும் குடும்பம் ஆண்டு தவறாது வரும். கடற்றொழிலாளியும் கடைக்காரரும் ஓர் ஓவியத்தின் செப்பனிடுதலுக்கு உபயகாரராகலாம். 1983-இன் பின்னர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறிய பழைய மாணவர் பெரிய தொகை அனுப்பக்கூடும். தூரத்திலிருந்து கொடுப்பவர் நேரிற் பார்த்தறிய இயலாதாகையால் அவருக்கு ஆண்டுக் கணக்கே கண். செலவழித்த தொகையோடு, செய்ய எண்ணிச் செய்யாது விட்டதையும் அக்கணக்கு சொல்லுதல் வேண்டும்.

ஓரிடத்தில் மாத்திரம் கொடையாளருக்கு வரம்புண்டு. சுவரிற் பெயர் பொறிக்கலாம். பொருளின் காலத்தையும் மூலத்தையும் பெயரோடு சேர்த்து வாங்க இயலாது. பத்தாம் நூற்றாண்டினது என ஈந்தவர் நம்பிய படிமம் பத்தொன்பதாம் நூற்றாண்டினதாக ஆராய்ச்சியிற் தெரியுமாயின், விளக்கச் சீட்டு உண்மையையே கூறவேண்டும். அவ்வுரிமையைப் பல்கலைக்கழகம் இழந்தால், அங்கு கொடுத்த பொருளுக்கும் மதிப்பில்லை. கொடுத்தவர் பெயருக்கும் மதிப்பில்லை.

தாரை கடல் கடந்தாள். குமாரசுவாமியின் தொகுப்பும் கடல் கடந்தது. ஒன்று உரிமை கேளாமற் சென்றது. மற்றையது ஏற்பாரின்றிச் சென்றது. கோணமலைத் துறையில் கலைக்கூடமொன்று எழுமாயின் இவ்விரு வழிகளையும் அடைத்தலே அதன் முதற் கடன். அதற்குப் பெருஞ்செல்வர் ஒருவரை எதிர்நோக்கியிருத்தல் வேண்டா. உரிமை தெளிந்த ஒரு பொருள், நிபந்தனை தெளிந்த ஓர் உறுதி, குட்டிகளை மந்தையில் விடும் ஒரு சிறு நிலைநிதி என்னும் இம்மூன்றோடு தொடங்கலாம். நிலாவெளிக் கல்லை வெட்டுவித்தவர் அறிந்திருந்ததும் இதுவே: கொடுத்தவரும் ஏற்றவரும் மறைந்த பின்னரும், முறையாக எழுதிவைத்த கொடை பேசும்.